மலையேறும் பேருந்து – 9: மலிங் ஓடையும் தாபோவின் மண்சுவரும்

சென்ற வாரம் கின்னோரின் ரெக்காங் பியோ பேருந்து நிலையத்தில் நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து ஸ்பிதியிலுள்ள காஜாவுக்குச் சுமார் 200 கிலோமீட்டர். சமவெளியில் இது அரை நாள் பயணம்கூட இல்லை. இங்கே காலையில் ஏறி, இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்தால் அதுவே நல்ல நாள்.

காப் என்ற இடத்தில் சட்லஜ் நதியோடு ஸ்பிதி நதி கலக்கிறது. அதைத் தாண்டி, கொண்டையூசி வளைவுகளில் ஏறி, 3,600 மீட்டர் உயரத்திலுள்ள நாக்கோவை எட்டுகிறது பேருந்து. அடுத்து வருவது மலிங் ஓடை. இந்தத் தடத்து ஓட்டுநர்களின் பேச்சில் அடிக்கடி அடிபடும் பெயர். செங்குத்தான சரிவு முழுவதும் மண்ணும் சரளையும் பாறைத் துண்டுகளும் ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடக்கின்றன. அதன் குறுக்கேதான் சாலை போகிறது.

நாங்கள் போன அன்று அந்தச் சாலை மேல் புதிதாக மண் சரிந்து கிடந்தது. அள்ளும் வேலையை புல்டோசர் தொடங்கியிருந்தது. இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்த நடத்துநர், “ட்ரான்ஷிப்மென்ட்” என்று ஒரே வார்த்தையில் முடித்தார். இமாசல மலைவாசிகளுக்கு இது பழகிப்போன ஏற்பாடு. சாலை அறுந்த இடத்தைப் பயணிகள் மூட்டை முடிச்சோடு நடந்து கடந்து, மறுபக்கம் வந்து நிற்கும் வண்டியில் ஏறிக்கொள்வார்கள்.

கடப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. சரிவு முழுவதும் கண்ணில் படும் இடத்தில் நடத்துநர் விசிலோடு நின்றுகொண்டார். மேலே தூசி கிளம்பினால் விசில் ஒலிக்கும். உடனே எல்லோரும் நிற்க வேண்டும். நாலைந்து பேராகத்தான் விட்டார். எனக்கு முன்னால், பச்சைப் பட்டி வைத்த கின்னோர் தொப்பி அணிந்த மூதாட்டி ஒருவர் முதுகில் மூட்டையோடு நடந்தார். காலடியையே பார்த்துக்கொண்டிருந்த என்னிடம், “பேட்டா, மேலே பார்த்து நட. வரும் கல் மேலேயிருந்துதான் வரும்” என்றார்.

மறுபக்கம் காத்திருந்தபோது ஓட்டுநர் சொன்ன கணக்கு இது. இரவின் உறைபனி கற்களை இறுகப் பிடித்து வைத்திருக்கும். வெயில் ஏறினால் அந்தப் பிடி விட்டுவிடும். மேலேயுள்ள பனி உருகுவதால் பிற்பகலில் ஓடைகளிலும் தண்ணீர் பெருகும். ஆகவே இப்படிப்பட்ட இடங்களை முற்பகலிலேயே தாண்டப் பார்ப்பார்கள். மலைப்பேருந்துகள் விடியற்காலையிலேயே கிளம்புவதன் அருமை எனக்கு அங்கேதான் விளங்கியது.

எங்களுக்குக் கிடைத்த வண்டி தாபோவோடு நின்றுவிட்டது. காஜாவுக்கு இன்னும் 50 கிலோமீட்டர் இருந்தது. வேறு வழியில்லாமல் அங்கேயே தங்கினோம். எங்கள் திட்டத்தில் தாபோ ஜன்னல் வழியே பார்த்துவிட்டுப் போகும் ஊர். அங்கேதான் இந்தப் பயணத்தின் பெரிய செல்வம் இருந்தது.

தாபோ பௌத்த மடாலயத்தை நிறுவியவர் மேற்குத் திபெத்தின் குகே அரசர் யேஷே ஓ. ஆண்டு 996. தஞ்சைப் பெரிய கோயிலைவிடச் சில ஆண்டுகள் மூத்தது. வெளியே நின்று பார்த்தால் பருத்த மண்சுவர்கள் மட்டுமே தெரியும். உள்ளே கும்மிருட்டு. துறவி ஒருவர் டார்ச்சைச் சுவரில் அடிக்க, முப்பதுக்கும் மேற்பட்ட சுதைச் சிற்பங்கள் ஒவ்வொன்றாகத் துலங்கின. ஆளுயரத் தெய்வங்கள், சுவரிலிருந்து எழுந்து வருவதுபோல நம் தலைக்கு மேலே அமர்ந்திருக்கின்றன. நடுவில் நான்கு திசையும் நோக்கும் வைரோசனர். சிற்பங்களுக்குக் கீழே ஓவியங்கள். 1975 ஜனவரியில் கின்னோரை உலுக்கிய நிலநடுக்கம் இந்த மடத்தையும் சேதப்படுத்தியது. அதையும் தாண்டி நிற்கிறது.

மண்ணால் கட்டிய கோயில் ஆயிரம் ஆண்டு எப்படித் தாங்கியது? தெற்கிலுள்ள மலைத்தொடர்கள் பருவமழையைத் தடுத்துவிடுவதால் ஸ்பிதி மழைமறைவுப் பிரதேசம். மழை குறைவென்பதால் மண்சுவர் கரையவில்லை. அதே வறட்சியில் சரிவுகளில் மரம் முளைப்பதில்லை. மண்ணைப் பிடித்துக்கொள்ள வேரும் இல்லை. மலிங்கில் எங்களை இறக்கி நடக்கவிட்டதும் தாபோவின் வண்ணங்களைக் காத்து வைத்ததும் ஒரே காரணம்தான். சாலை அடைபட்டிராவிட்டால் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்திருக்க மாட்டேன்.

இப்போது மழை முன்புபோல இல்லை, மண்கூரை ஒழுகுகிறது என்று ஊர்க்காரர்கள் கவலைப்படுகிறார்கள். கவலைப்பட வேண்டிய விஷயம்தான். இந்தக் கோயிலுக்கு வறட்சிதான் அரண்.

இந்தத் தடத்தில் போக நினைப்பவர்கள் காலைப் பேருந்தையே பிடியுங்கள். கையில் டார்ச் இருக்கட்டும். ஊர் திரும்ப வேண்டிய தேதிக்கு முன்னால் இரண்டு நாளாவது காலியாக விடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்டுநரோ நடத்துநரோ வண்டியை நிறுத்தினால், நேரமாகிறது என்று அவர்களை நெருக்காதீர்கள். 2021 ஆகஸ்டில் இதே கின்னோர் மாவட்டத்தின் நிகுல்சாரியில் மலை சரிந்து, ஒரு பேருந்தும் மற்ற வாகனங்களும் புதைந்ததில் 28 பேர் இறந்தார்கள். மலைச்சாலையில் தாமதத்துக்கு அஞ்ச வேண்டாம். அவசரத்துக்குத்தான் அஞ்ச வேண்டும்.

(அடுத்த வாரம்: காஜாவிலிருந்து குன்சும் கணவாய்)