இன்பத்திற்குக் கணக்கெழுதுபவர் யார்?

சென்ற ஆண்டு உங்களுக்கு இன்பமாகக் கழிந்ததா என்று எவரேனும் வினவினால், சிறிது யோசித்து விடை கூறிவிடுகிறோம். 365 நாள்களையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தா அவ்விடையைக் கூறுகிறோம்? இல்லை. மனத்திலே தங்கி நிற்கும் சில காட்சிகளைக் கொண்டு ஆண்டு முழுவதையும் மதிப்பிட்டு விடுகிறோம். அங்ஙனமாயின், நமது இன்ப துன்பங்களுக்குக் கணக்கெழுதும் நினைவு என்னும் இக்கணக்கப்பிள்ளை எத்துணை நம்பத்தக்கவர்?

இவ்வினாவை நெடுங்காலம் ஆராய்ந்தவர் டானியல் கானமன் என்னும் உளநூல் அறிஞர். 1934இற் பிறந்த இவர், 2002இல் பொருளியலுக்கான நோபெல் பரிசைப் பெற்று, 2024இல் மறைந்தார்.

குளிர்நீரிலே ஒரு சோதனை

கானமனும் அவருடைய துணைவர்களும் 1993இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று வியப்புக்குரியது. 32 மாணவர்கள் அதிலே பங்குபற்றினர். ஒருமுறை, 14 பாகை செல்சியசுக் குளிர்நீரிலே 60 செக்கன் கையை அமிழ்த்தி வைத்திருந்தனர். இன்னொரு முறை, அதே குளிரில் 60 செக்கன் வைத்திருந்த பின், மேலும் 30 செக்கன் கையை எடாதிருந்தனர். அந்த 30 செக்கனில் நீரின் வெப்பம் மெல்ல மெல்ல 15 பாகைக்கு உயர்த்தப்பட்டது. அப்பொழுதும் வேதனைதான், ஆயினும் சற்றுக் குறைந்த வேதனை.

இவ்விரண்டில் எதனை மீண்டும் செய்ய விரும்புகிறீர்கள் என்று பின்னர் கேட்கப்பட்டது. குறுகிய வேதனையையே எவரும் தெரிவர் என்று நாம் நினைப்போம். ஆனால் 22 பேர் நீண்டதையே தெரிந்தனர்! நேரத்தின் நீளத்தை நினைவு பெரிதாகக் கொள்ளவில்லை. முடிவு சற்று இதமாய் இருந்ததையே பற்றிக்கொண்டது.

வைத்தியசாலையிலும் இவ்வுண்மை புலனாயிற்று. பெருங்குடலினுள்ளே கருவி செலுத்திப் பார்க்கும் சோதனைக்கு வந்த 682 நோயாளரைக் கொண்டு நடந்த ஆராய்ச்சி 2003இல் வெளியாயிற்று. அவருட் சிலருக்குச் சோதனை முடிந்த பின்னும், கருவியின் நுனி அசையாதபடி சிறிது நேரம் உள்ளே விடப்பட்டது. அதனால் இறுதி நிமிடங்களில் வேதனை குறைந்திருந்தது. சோதனை நீண்டிருந்தும், அவர்களே மற்றவரிலும் குறைந்த வேதனையை நினைவுகூர்ந்தனர்.

நம்முள்ளே இருவர்

இவற்றிலிருந்து கானமன் ஓர் உண்மையை எடுத்துரைத்தார். நம்முள்ளே இருவர் வாழ்கின்றனர். ஒருவர், கணந்தோறும் இன்பதுன்பங்களைத் துய்ப்பவர். மற்றவர், பின்னர் அவற்றை நினைவுகூர்பவர். துய்ப்பவருக்குப் பேச வாய்ப்பில்லை. அடுத்த கணத்தில் அவர் மறைந்துபோகிறார். நினைவுகூர்பவரே தீர்ப்புக் கூறுகிறார். அவர் உச்சக்கட்டத்தையும் முடிவையும் மட்டும் எடுத்து ஒரு கதை கட்டுகிறார்.

மூன்று நாள் களிப்போடு நடந்த கலியாண வீட்டிலே, கடைசி வேளையில் மாமனும் மைத்துனனும் இரண்டு சொல் பேசிவிட்டால், “அந்தக் கலியாணமே சண்டையாய்ப் போயிற்று” என்கிறோம். மூன்று நாட் சிரிப்பு எங்கே போயிற்று? கெட்டது கலியாணமன்று, கலியாணத்தைப் பற்றிய நினைவே.

இது சிறு செய்தியன்று. அன்போடு ஐம்பது ஆண்டு வாழ்ந்த தாய், தம் இறுதி மாதங்களை நோயுடன் படுக்கையிற் கழித்திருக்கலாம். பிள்ளைகளின் கண்முன் நிற்பது அந்த மெலிந்த முகமே. “அம்மா என்ன சுகத்தைக் கண்டார்?” என்று கலங்குகின்றனர். அடுப்படியிலே அவர் சிரித்த சிரிப்பும், பேரப் பிள்ளைகளைத் தூக்கிய பூரிப்பும் பொய்யா? முடிவு துயரமாயிருந்தமையால் முன்னர் வாழ்ந்த வாழ்வு அழிந்துவிடுவதில்லை. பரீட்சையிலே தவறிய மாணவருக்கும் இது பொருந்தும். படித்த காலத்தில் பெற்ற அறிவையும் நட்பையும் பெறுபேற்றுத் தாள் அழித்துவிட முடியாது.

நாம் செய்யத்தக்கவை

நினைவின் இயல்பு இதுவாயின், முடிவுகளை இனிதாக்கப் பழகுவோமாக. வந்த விருந்தினரைப் படலை வரை சென்று வழியனுப்பும் நமது வழக்கம் எத்துணை அறிவுடையது! பிள்ளைகளைக் கண்டிக்க நேர்ந்தாலும், உறங்குமுன் ஓர் அன்பு மொழி கூறுவோம். பிரியும் வேளையிற் கடுஞ்சொல்லைத் தவிர்ப்போம்.

அதே வேளையில், நினைவு கூறும் தீர்ப்பை முழுவதும் நம்பிவிடாதிருப்போம். கசப்பாய் முடிந்த நட்பையோ, துயரில் முடிந்த வாழ்வையோ எண்ணும்போது, இறுதி ஏட்டை மட்டும் புரட்டாது, முன்னுள்ள ஏடுகளையும் பொறுமையோடு புரட்டுவோம். அங்கே எழுதப்படாமற் போன இன்பங்கள் பல இருக்கும். அவற்றைக் குடும்பத்தார் கூடியிருக்கும் வேளையில் வாய்விட்டுச் சொல்வோம். சொல்லச் சொல்ல, அவையும் நினைவின் கணக்கில் ஏறும்.