கீசர்ல தண்ணி சுடலையா? 'காயில் போச்சு'ன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி இந்த 5 கேள்விகளைக் கேளுங்க!

மார்கழி காலை 6 மணி. சென்னையில் ரூமில் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறீர்கள். வாலிகண்டபுரத்திலிருந்து அம்மாவின் போன். "கண்ணு, ஹீட்டர்ல தண்ணியே சுட மாட்டேங்குது. லைட்டு மட்டும் எரியுது." போன பொங்கலுக்கு நீங்கள்தான் ஆசையாக வாங்கி மாட்டிக்கொடுத்த கீசர். பக்கத்து வீட்டுக்காரர் அதற்குள் தீர்ப்பே சொல்லிவிட்டார்... "காயில் போயிருக்கும்!"

போயிருக்கலாம். ஆனால், காயில் போவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, உள்ளே கம்பி அறுந்துபோவது. தண்ணீர் சுடாது, கொஞ்சம் செலவு, அவ்வளவுதான். இன்னொன்று, காயிலின் மேல் உறை விரிசல்விட்டு கரன்ட் தண்ணீருக்குள் கசிவது. இதில் தண்ணீர் வழக்கம்போல சுட்டுக்கொண்டேகூட இருக்கும். ஆனால், உயிருக்கே உலை வைத்துவிடும். எது எந்த வகை என்று போனிலேயே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

உள்ளே என்ன இருக்கு?

டேங்க்குக்குள் முக்கியமானவை நான்கு. தண்ணீரைச் சூடாக்கும் காயில். சூடு போதும் என்றதும் கரன்ட்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட். அது சொதப்பினால் காப்பாற்றும் கட்-அவுட். டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க, தான் கரைந்து டேங்க்கைக் காக்கும் மெக்னீசியம் கம்பி.

காயில் என்பது ஓர் உலோகக் குழாய். அதன் நடுவே நிக்ரோம் கம்பிச் சுருள். கம்பியும் குழாயும் ஒட்டாமல் இருக்க, இடையில் மெக்னீசியம் ஆக்ஸைடு பொடி இறுக்கி அடைக்கப்பட்டிருக்கும். இந்தப் பொடி வெப்பத்தைக் கடத்தும், கரன்ட்டைக் கடத்தாது. குழாயில் விரிசல் விழுந்து பொடி நனைந்தால், அந்தப் பாதுகாப்பு காலி.

போர் தண்ணி பண்ற வேலை

அந்த விரிசல் ஏன் வருகிறது? பெரம்பலூர் மாவட்டத்தின் பெரும்பகுதி கடினப்பாறை பூமி. பாறை இடுக்குகளில் ஊறி வரும் போர் தண்ணீர், கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டே வருகிறது. இப்படிப்பட்ட தண்ணீரைத்தான் 'உப்புத் தண்ணி' என்கிறோம். சோப்பு நுரைக்காது, குழாயில் வெள்ளை வெள்ளையாகப் படியும். குடிநீரில் இந்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு வழியே இல்லை என்றால் 600 வரை அனுமதி.

இந்தத் தண்ணீரைச் சூடாக்கும்போது, கரைந்திருந்த கால்சியம் பிரிந்து காயில் மேல் படிகிறது. பக்கத்து அரியலூரில் சிமென்ட் ஆலைகளுக்காக வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் அதே கால்சியம் கார்பனேட்தான் இதுவும்! செம்போடு ஒப்பிட்டால் இது வெப்பத்தை 100 மடங்குக்கு மேல் மோசமாகக் கடத்தும். அதனால், காயிலின் சூடு தண்ணீருக்குப் போக முடியாமல் உள்ளேயே தங்குகிறது. காயில் தன் சூட்டிலேயே வெந்து, கம்பி அறுகிறது அல்லது உறை வெடிக்கிறது.

போனில் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. "குழாயைத் தொட்டா 'சுர்'ருங்குதாம்மா?" முதல் கேள்வி இதுதான். 'லேசா இருக்கு' என்று சொன்னாலும் மற்ற கேள்விகள் எதுவும் வேண்டாம். ஈரக்கையோடு எதையும் தொடாமல் குளியலறையைவிட்டு வெளியே வரச் சொல்லுங்கள். மெயின் ஸ்விட்சை ஆஃப் செய்த பிறகுதான் கீசர் பிளக்கைப் பிடுங்க வேண்டும். எலெக்ட்ரீஷியன் பார்க்கும்வரை அந்தக் குழாய்ப் பக்கமே போகக் கூடாது. கசிவு இருக்கிறது, எர்த்தும் சரியில்லை என்பதற்கான அறிகுறி அது.

2. "ஸ்விட்ச் போட்டதும் டிரிப் ஆகுதா?" கரன்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவிதான் ஆர்.சி.சி.பி. ஊரில் இன்னும் இ.எல்.சி.பி என்பார்கள். வீடுகளில் போடுவது 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் துண்டிக்கும் வகை. கீசர் பிளக்கைப் பிடுங்கினால் டிரிப் நிற்கிறது, மாட்டினால் மறுபடி டிரிப் ஆகிறது என்றால், குற்றவாளி கீசர்தான். 'சும்மா சும்மா விழுது' என்று அந்தக் கருவியைக் கழற்றி நேரடியாக இணைப்பு கொடுக்க யாராவது யோசனை சொன்னால், கண்டிப்பாக மறுத்துவிடுங்கள்.

3. "எந்த லைட்டும்மா எரியுது?" பல மாடல்களில் இரண்டு லைட்டுகள் இருக்கும். ஒன்று கரன்ட் வருவதற்கு, மற்றொன்று தண்ணீர் சூடாவதற்கு. இரண்டுமே எரியவில்லை என்றால் ஃபியூஸ், எம்.சி.பி, கருகிப்போன பிளக் பாயின்ட்டைப் பார்க்க வேண்டும். முதலாவது மட்டும் எரிந்தால் தெர்மோஸ்டாட் அல்லது கட்-அவுட் மேல் சந்தேகம். இரண்டும் எரிந்தும் தண்ணீர் பச்சைத் தண்ணியாகவே இருந்தால், காயில் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். சில மாடல்களில் ஒரே லைட்டுதான். அப்படியென்றால் அடுத்த கேள்வி உதவும்.

4. "ஈ.பி மீட்டர்ல சிவப்பு லைட்டு எப்படி சிமிட்டுது?" எதையும் கழற்றாமல் செய்யக்கூடிய சோதனை இது. ஆனால், முதல் இரண்டு கேள்விகளுக்கும் 'இல்லை' என்ற பதில் வந்தால் மட்டும்! கீசரில் தண்ணீர் ஆறியிருக்கும்போது ஃப்ரிட்ஜ், ஃபேன், மோட்டார் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கீசரை மட்டும் போடச் சொல்லுங்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று மீட்டரிலேயே அச்சிட்டிருக்கும். 3,200 என்றால், 2,000 வாட் கீசர் ஓடும்போது நிமிடத்துக்கு சுமார் 107 முறை சிமிட்டும். 1,600 என்றால் சுமார் 53 முறை. சிமிட்டலே இல்லை என்றால், காயிலுக்குக் கரன்ட் போகவில்லை அல்லது காயில் அறுந்துவிட்டது. வேகமாகச் சிமிட்டினால், காயில் கரன்ட் இழுக்கிறது. மிக்ஸர் குழாயில் பச்சைத் தண்ணி கலக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

5. "கரகரன்னு சத்தம் வருதா? லேட்டாகுதா?" 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக, 2,000 வாட் காயிலுக்குக் கணக்குப்படி 18, 19 நிமிடங்கள் போதும். அரை மணி நேரத்துக்கு மேல் இழுத்து, கூடவே சத்தமும் வந்தால், காயில் மேல் உப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம். இன்னும் உடையவில்லை. இப்போதே சுத்தம் செய்தால் பிழைக்கும்.

எலெக்ட்ரீஷியன் வந்த பிறகு...

கீசரைத் திறப்பது அவர் வேலை. நீங்கள் சரியான கேள்வி கேட்டால் போதும். மல்டிமீட்டரில் 2,000 வாட் காயில் சுமார் 26 ஓம் காட்ட வேண்டும். எதுவுமே காட்டவில்லை என்றால் கம்பி அறுந்துவிட்டது. முக்கியமான சோதனை இனிமேல்தான். காயில் முனைக்கும் அதன் உலோக உறைக்கும் இடையே தொடர்பு காட்டினால், தண்ணீர் நன்றாகச் சுட்டாலும் அந்தக் காயிலைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

உப்பு மட்டும்தான் பிரச்னை என்றால், கழற்றிய காயிலை வினிகர் அல்லது சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்தால் கரைந்துவிடும். பாத்ரூம் கழுவும் ஆசிட் வேண்டாம், அது உலோகத்தையும் அரிக்கும். புதுக் காயில் என்றால் அதே வாட், அதே அளவு, கூடவே புது ரப்பர் கேஸ்கெட். மெக்னீசியம் கம்பி கரைந்திருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். எல்லாம் மாட்டியபின் சுடுதண்ணீர்க் குழாயில் தண்ணீர் சீராக வந்த பிறகே ஸ்விட்சைப் போட வேண்டும். காலி டேங்க்கில் போட்டால் புதுக் காயிலும் கருகிவிடும்.

இனிமேல்...

சூட்டைக் கூட்டக் கூட்ட உப்பும் வேகமாகப் படியும். தெர்மோஸ்டாட் 60 டிகிரியைத் தாண்ட வேண்டாம். போர் தண்ணீர் பாயும் வீடு என்றால், வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிவதற்குள் காயிலைக் கழற்றிச் சுத்தம் செய்துவிடுங்கள். தண்ணீர் சுட்ட பிறகு ஸ்விட்சை ஆஃப் செய்துவிட்டுக் குளிக்கும் பழக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, ஆர்.சி.சி.பி-யில் இருக்கும் டெஸ்ட் பட்டனை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். 'டக்'கென்று விழுந்தால் கருவி வேலை செய்கிறது. விழவில்லை என்றாலோ, வீட்டில் அந்தக் கருவியே இல்லை என்றாலோ, கீசரைவிட முதலில் மாட்ட வேண்டியது அதைத்தான். கூடவே எர்த் சரியாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கீசர் வாங்கிக் கொடுத்தது பாசம்னா, அம்மா பயமில்லாம குளிக்கிறதுக்கு இதையும் செஞ்சு கொடுங்க!