சமரசர் தீர்ப்புச் சொல்வதில்லை

டீ ஆறுவதற்குள் ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். கற்பனைதான், ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் யாருக்கும் புதிதாகத் தோன்றாது. அனுமந்தன்பட்டியில் ஓர் அண்ணன், ஒரு தம்பி. அப்பா விட்டுப்போன கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று. கரண்ட் சர்வீஸ் அண்ணன் பெயரில். அண்ணனுக்குத் தென்னை, தம்பிக்குத் திராட்சைப் பந்தல். தண்ணீர் முறையில் தகராறு முற்றி, உத்தமபாளையம் கோர்ட்டில் வழக்கு. சில வாய்தாவுக்குப் பிறகு நீதிபதி, "சமரச மையத்தில் பேசிப் பாருங்கள்" என்று அனுப்புகிறார்.

அப்படி அனுப்ப இடம் தருவது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆவது பிரிவு. அது நடைமுறைக்கு வந்ததில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில்தான் 2005-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு வழி வகுத்தது. அதே ஆண்டு ஏப்ரல் 9-இல், நீதிமன்றத்தோடு இணைந்த நாட்டின் முதல் சமரச மையம் சென்னை உயர் நீதிமன்றத்தில் திறக்கப்பட்டது. அதற்காக முன்நின்று உழைத்தவர் மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு.

அண்ணன் தம்பி இருவரும் மையத்துக்குள் நுழைகிறார்கள். "நீங்க பெரியவங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க, கட்டுப்படுறோம்" என்று அங்கே நடுவில் உட்கார்ந்திருக்கும் சமரசரிடம் சொல்கிறார் அண்ணன். நம்மில் ஏறக்குறைய எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். சாவடியில் ஊர்ப்பெரியவர்கள் பேசித் தீர்ப்புச் சொல்வதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். நடுவில் உட்காருபவர் யார் பக்கம் நியாயம் என்று சொல்லியாக வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். சமரசர் அதைச் சொல்லவே மாட்டார். யார் மேல் தப்பு என்று நேருக்கு நேர் கேட்டாலும் பதில் வராது. முடிவெடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. அது கடைசிவரை அந்த இரண்டு பேரிடமே இருக்கிறது.

பிறகு அவருக்கு என்னதான் வேலை? முதலில் இருவரையும் சேர்த்து உட்காரவைத்துக் கேட்பார். அடுத்துத் தனித்தனியாகப் பேசுவார். கல்யாணத்தில் சம்பந்திகளுக்குள் மனஸ்தாபம் வந்தால், ஒரு மாமா இரு பக்கமும் போய்ப் பேசுவாரே, அந்த மாதிரி. ஆனால் தனியே சொன்னதை, சொன்னவர் சம்மதம் இல்லாமல் மறுபக்கம் கொண்டுபோக மாட்டார். அங்கே பேசியதைக் கோர்ட்டில் சாட்சியமாகவும் காட்ட முடியாது.

அந்த நம்பிக்கையில்தான் உள்ளே இருப்பது வெளியே வரும். "கிணறு எனக்கு வேணும்" என்பது இருவரும் வாயால் சொல்வது. தம்பிக்கு உண்மையில் வேண்டியது, கவாத்து வெட்டிய நாள்களில் தடங்கல் இல்லாத தண்ணீர். தென்னை நாலு நாள் பொறுக்கும். இன்னும் கிளறினால், "அப்பா செத்ததும் என்னைய ஒரு வார்த்தை கேக்காம சர்வீஸ மாத்திட்டாரு" என்று தம்பி உடைகிறான். வழக்கின் வேர் அது. பிராதில் ஒரு வரிகூட அதைப் பற்றி இருக்காது. தீர்ப்பு கிணற்றில் பாதி தரலாம். அந்த ஒரு வார்த்தையை அண்ணனிடமிருந்து வாங்கித் தர அதனால் முடியாது.

இதற்கெல்லாம் பயிற்சி வேண்டும். நீதிமன்ற மையங்களுக்கான அடிப்படைப் பயிற்சி 40 மணி நேரம். அதில் முக்கியமானது, வழக்காளி மாதிரியும் சமரசர் மாதிரியும் மாறி மாறி நடித்துப் பழகுவது. "அவன் ஏமாத்திட்டான்" என்பதை, "கணக்கு உங்களுக்கும் தெரியணும்னு நினைக்கிறீங்க" என்று சூடு தணித்துச் சொல்லக் கற்பார்கள். வாதாடிப் பழகிய வக்கீலுக்கு வாயை மூடிக்கொண்டு கேட்பதுதான் கடினமான பாடம் என்று நினைக்கிறேன்.

பிழைப்பாக இது எப்படி? மாதச் சம்பளம் இல்லை. நீதிமன்ற மையத்தில் வழக்காளிகள் கட்டணம் தருவதில்லை. சமரசருக்கு மதிப்பூதியம் உண்டு. பெரும்பாலும் அனுபவமுள்ள வக்கீல்களும் ஓய்வுபெற்ற நீதிபதிகளுமே வருகிறார்கள். ஆகவே, இளம் வக்கீல்கள் தொழிலை விடாமல் இதையும் சேர்த்துக் கற்பதே நல்லது. 2023-இல் சமரசத்துக்கென்றே தனிச்சட்டம் வந்திருக்கிறது. ஊர் அமைதியைக் கெடுக்கும் தகராறுகளுக்கு மூன்று பேர் குழு என்று அது சொல்கிறது. அந்தக் குழுவில் உட்கார வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. ஊரில் நன்மதிப்பு உள்ளவரும் வரலாம்.

உங்கள் வீட்டிலும் ஒரு கிணற்று வழக்கு ஓடிக்கொண்டிருந்தால், அடுத்த வாய்தாவிலேயே சமரசத்துக்கு அனுப்பச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள். பேசித் தீர்ந்தால், கட்டிய கோர்ட் பீஸ் முழுதும் திரும்பக் கிடைக்கும்.