கறுப்பு எத்தனை ஆழம்?

கறுப்பு நிறச் சீட்டுக்கட்டுகள் இப்போது இணையக் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. முன்னும் பின்னும் மை போன்ற கறுப்பு, அதன்மேல் தங்க நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ ராஜாவும் ராணியும். தண்ணீர் பட்டால் ஊறாது, கிழியாது, நெடுநாள் உழைக்கும் என்பது அவற்றோடு வரும் வழக்கமான வாக்குறுதி. பெட்டியைப் பிரித்த அன்று கட்டு கண்ணைப் பறிக்கிறது. கொஞ்ச நாள் ரம்மி ஆடியபின் பார்த்தால் விளிம்பில் வெள்ளை தெரிகிறது, மூலைகளில் சாம்பல் பூத்திருக்கிறது. கட்டு காகிதமென்றால், அதை வாங்கியதுதான் தவறு, பிளாஸ்டிக் வாங்கியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அப்போது வந்துவிடுகிறோம். அந்த முடிவு பாதிதான் சரி. கறுப்புச் சீட்டு எதனால் ஆனது என்று கேட்பதற்கு முன், அந்தக் கறுப்பு எத்தனை ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது என்று கேட்கவேண்டும்.

சீட்டின் ஆயுள் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கலாம். சட்டைக்கும் செருப்புக்கும் கிழிவதுதான் முடிவு. சீட்டு அதற்கு வெகுமுன்பே முடிந்துவிடுகிறது. ரம்மியில் எதிரே இருப்பவர் கையில் 13 சீட்டுகள். நமக்குத் தெரிவது அவற்றின் முதுகு மட்டும். ஒரு ஜோக்கரின் மூலை லேசாக மடங்கியிருந்தால் போதும், அது யார் கைக்குப் போனாலும் தெரிந்துவிடும். கிழிசல் இல்லை, அழுக்கு இல்லை, ஆனாலும் அந்தக் கட்டு செத்துவிட்டது. 52 முதுகுகளும் ஒன்றுபோல் இருக்கும்வரைதான் சீட்டுக்கு உயிர். சூதாட்ட விடுதிகள் இதை நன்றாக அறிந்தவை. அங்கே புதுக் கட்டுகள் சில மணி நேரம் ஆடப்பட்டதும் எடுக்கப்பட்டு, நடுவில் துளையிட்டோ மூலையை வெட்டியோ செல்லாததாக்கப்படுகின்றன. பாக்கரா ஆட்டத்தில் சீட்டை மெல்ல வளைத்து ஓரத்தைப் பார்ப்பது ஆட்டக்காரர்களின் வழக்கம் என்பதால், பல விடுதிகளில் அந்தச் சீட்டுகள் ஒரே தடவையோடு கழிக்கப்படுகின்றன.

எவ்வளவு சிறிய வேறுபாடு போதும் என்பதற்கு நீதிமன்றம் வரை போன ஒரு சான்று உண்டு. 2012 ஆகஸ்டில் லண்டனின் க்ராக்ஃபோர்ட்ஸ் கிளப்பில், பாக்கராவின் ஒரு வகையான புன்ட்டோ பாங்கோ ஆடிய அமெரிக்க ஆட்டக்காரர் ஃபில் ஐவி, சுமார் 77 லட்சம் பவுண்ட் வென்றார். அந்தச் சீட்டுகளின் முதுகில் இருந்த கோலம் இரண்டு நீண்ட ஓரங்களிலும் ஒரே அளவில் வெட்டுப்படவில்லை. வேறுபாடு மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்குதான். மதிப்புள்ள சீட்டுகளை மட்டும் தலைகீழாகத் திருப்பி வைக்கும்படி, ஏதோ ராசிக்காகக் கேட்பதுபோல் அவர் தரப்பில் பணியாளரைக் கேட்டதோடு சரி. அதன்பின் முதுகைப் பார்த்தே சீட்டை ஊகிக்க முடிந்தது. கிளப் பணம் தர மறுத்தது. 2017 அக்டோபரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அவர் செய்தது ஏமாற்று என்று தீர்ப்பளித்தது. நமக்கு இங்கே முக்கியம் தீர்ப்பு அல்ல. புத்தம் புதுச் சீட்டில், பழகாத கண்ணுக்குத் தெரியவே தெரியாத ஓர் ஓரம் அத்தனை பெரிய தொகையை நகர்த்தியது. அப்படியிருக்க, கறுப்பு விளிம்பில் பளிச்சென்று தெரியும் வெள்ளைத் தழும்பை என்னவென்று சொல்வது?

அந்த வெள்ளை எங்கிருந்து வருகிறது என்று தெரிய ஒரு நல்ல காகிதச் சீட்டைக் கிழித்துப் பார்க்க வேண்டும். உள்ளே வெள்ளை, நடுவில் ஒரு கறுப்பு இழை, மறுபடி வெள்ளை. தரமான சீட்டு ஒற்றைக் காகிதம் அல்ல; இரண்டு தாள்களைக் கரி கலந்த பசையால் ஒட்டியது. விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலும் மறுபக்கம் தெரியக்கூடாது என்பதற்காக அந்தக் கரி. ஒட்டிச் சேர்க்கும் இந்த வித்தை நம் நாட்டிலும் பழையதுதான். ஒடிசாவின் வட்டமான கஞ்சப்பா சீட்டுகளைப் புளியங்கொட்டைப் பசையால் துணியைத் துணியோடு ஒட்டி, சுண்ணப்பொடி பூசி, ஓவியம் தீட்டி, மேலே அரக்கு மெருகு ஏற்றிச் செய்வார்கள். இன்றைய சீட்டில் அரக்கின் இடத்தில் மெல்லிய வார்னிஷ் இருக்கிறது. ஆக, வெள்ளைச் சீட்டோ கறுப்புச் சீட்டோ, காகிதக் கட்டாக இருந்தால் நடுவிலுள்ள அந்த ஒரு கோடு மட்டும்தான் உடம்போடு சேர்ந்த கறுப்பு. வெளியே நாம் பார்க்கும் கறுப்பு முழுவதும் வெள்ளைத் தாளின்மேல் அச்சடித்தது.

அச்சு மையின் கனம் ஓரிரு மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. சீட்டின் மொத்தக் கனமோ சுமார் 300 மைக்ரான். அடர்ந்த கறுப்பு வேண்டுமென்று இரண்டு மூன்று மைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினாலும் கணக்கு பெரிதாக மாறாது. சீட்டைக் கலைக்கும்போது ஒவ்வொரு விளிம்பும் இன்னொரு விளிம்பில் உரசுகிறது. மேசையில் தட்டி அடுக்கும்போது மூலைகள் அடி வாங்குகின்றன. மை உதிர்ந்தால் கீழே இருப்பது வெள்ளை. அடர்நிற அட்டை போட்ட டைரியின் முதுகு மடிப்பில் வெள்ளைக் கீறல் விழுவதற்கும் இதுவே காரணம். பைசிக்கிள் போன்ற பழைய பிராண்டுகளின் வழக்கமான முதுகுகளில் சுற்றிலும் ஒரு வெள்ளைக் கரை விட்டிருப்பதைக் கவனித்திருக்கலாம். அழகுக்காக விட்டதுபோலத் தோன்றும் அந்தக் கரை பெரிய வேலை ஒன்றைச் செய்கிறது: தேய்கிற இடத்தில் ஏற்கெனவே வெள்ளை இருப்பதால் தேய்மானம் தெரிவதில்லை. அதே ஆலையில், அதே தாளில், கரை விடாமல் விளிம்புவரை கறுப்பு அடித்த கட்டு அதே அளவுதான் தேயும். ஆனால் ஒவ்வொரு தேய்வும் கணக்கில் ஏறிவிடும்.

அப்படியானால் தாளையே கறுப்பாகச் செய்தால் என்ன என்று கேட்கலாம். கூழிலேயே சாயம் கலந்த கறுப்புத் தாள் உண்டு. சிக்கல் அச்சில் இருக்கிறது. ஆஃப்செட் அச்சின் சிவப்பும் மஞ்சளும் நீலமும் கண்ணாடிபோல ஒளியை விடுபவை. கீழே வெள்ளைத் தாள் இருந்தால்தான் அவை நிறமாகத் தெரியும். கறுப்புத் தாளில் ஒரு ஹார்ட்டை அடிக்க முதலில் வெள்ளை மை அடிக்க வேண்டும், இல்லையென்றால் உலோக ஏடு ஒட்ட வேண்டும். செலவு கூடும், வேலை இரட்டிக்கும். அதனால்தான் வெள்ளையில் கறுப்பைப் பூசும் வழி நிலைத்துவிட்டது. இடத்தைப் பொறுத்துக் கறுப்பின் ஆயுள் மாறும் என்பதை நம் ஓலைச்சுவடிகளே காட்டுகின்றன. எழுத்தாணி கீறிய பள்ளத்தில் விளக்குக் கரியைத் தடவித் துடைப்பார்கள். மேல்பரப்பில் இருந்த கரி துணியோடு போய்விடும். பள்ளத்தில் இறங்கியது நூற்றாண்டுகள் தாண்டியும் அங்கேயே இருக்கும். கரி ஒன்றுதான், இருக்கும் இடம்தான் வேறு.

இனி பிளாஸ்டிக். 1935இல் வந்த கெம் பிராண்டு சீட்டுகள் மரக்கூழ் வழி வந்த செல்லுலோஸ் அசிட்டேட்டில் ஆனவை. ஹனஃபுடா என்ற ஜப்பானியச் சீட்டுகளைச் செய்வதற்காக 1889இல் கியோட்டோவில் தொடங்கப்பட்ட நின்டெண்டோ, 1953இல் ஜப்பானில் பிளாஸ்டிக் சீட்டுகளைப் பெருமளவில் தயாரித்தது. இன்றைய மலிவான கட்டுகள் பெரும்பாலும் பிவிசி. இவை தண்ணீரில் ஊறுவதில்லை, ஈரத்துணியால் துடைக்கலாம், சென்னையைப் போன்ற கடலோர ஊர்களின் காற்றில் காகிதச் சீட்டு ஈரம் குடித்து வளைவதுபோல் வளைவதில்லை. இதெல்லாம் உண்மையான நன்மை, குறைத்துச் சொல்ல எதுவும் இல்லை. ஆனாலும் வெள்ளை பிவிசித் தகட்டின்மேல் கறுப்பு அச்சடித்தால், காகிதத்தில் நடந்த அதே கதைதான், கொஞ்சம் மெதுவாக. தகட்டின் உருகலிலேயே கரிப்பொடி கலந்திருந்தால் விளிம்பு வெளுக்காது. வெட்டிய இடமும் கறுப்பாகவே இருக்கும். அதுதான் பணம் கொடுத்து வாங்கத் தகுந்த கறுப்பு. அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. கறுப்புப் பரப்பு தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஒரு கீறல் விழுந்தால் அந்த இடம் மட்டும் ஒளியை நாலாபக்கமும் சிதறடிக்கும், அதனால் சாம்பல் கோடாகத் தெரியும். கறுப்பு காரில் துணி பட்ட கோடுகூடத் தெரிவதும் வெள்ளை காரில் தெரியாமல் போவதும் இதனால்தான். பிளாஸ்டிக்கைக் கடுமையாக மடித்தால் மடிப்பு வெளுப்பதும் சேர்ந்துகொள்ளும். தங்க ஏடு ஒட்டிய கட்டுகளில் விரல் படும் மூலையில் எண்ணே முதலில் தேய்கிறது, அப்போது சீட்டின் முகமும் போய்விடுகிறது. பிவிசி 80 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகத் தொடங்கும் பொருள்; கறுப்பு வெயிலை இழுக்கும். மூடிய காரின் முன்கண்ணாடிக்கு அடியில் இந்தக் கட்டை வைத்துவிட்டுப் போகக்கூடாது.

கறுப்புக்காக வாதாடுபவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. காப்பிக் கறையும் கைவியர்வையின் பழுப்பும் வெள்ளையில் உடனே தெரியும், கறுப்பில் மறைந்துவிடும். வெயிலில் சிவப்பும் மஞ்சளும் வெளிறும்போது கரியின் கறுப்பு அப்படியே நிற்கும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகள் பல கறுப்பாக இருப்பதும், கரி புறஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக்கைக் காப்பதால்தான். ஆனால் கறை மறைவது நேராகப் பார்க்கும்போதுதான். வழுவழுப்பான கறுப்பில் விரல்ரேகையின் எண்ணெய் சாய்ந்த வெளிச்சத்தில் மினுங்கும். இந்தச் சிக்கலும் புதிதல்ல. ஐரோப்பாவில் ஒருகாலத்தில் சீட்டுகளின் முதுகு பெரும்பாலும் வெறும் வெள்ளையாக இருந்தது, எந்தப் பொட்டும் அடையாளமாகிவிடும். லண்டனில் தாமஸ் டி லா ரூ 1831இல் சீட்டு அச்சிடுவதற்குக் காப்புரிமை பெற்றார். அந்த நூற்றாண்டில் முதுகெல்லாம் கோலம் நிறைந்தது. நெருக்கமான கோலத்தில் கறை தன் வடிவத்தை இழந்துவிடும். ஒரே நிறம் நிறைந்த பரப்பு, வெள்ளையானாலும் கறுப்பானாலும், அந்த மறைப்பைத் தானாகக் கைவிடுகிறது. கறுப்பு பிடித்தவர்கள் வெறும் கறுப்பைத் தவிர்த்து, கறுப்பும் சாம்பலும் பின்னிய கோலம் உள்ள கட்டைத் தேடுவது நல்லது.

மாயவித்தை செய்பவர்களுக்கும், சீட்டைக் கையில் சுழற்றிக் காட்டும் கலைஞர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்குத் தோற்றமே தொழில், கட்டு தேய்ந்தால் அடுத்ததைப் பிரித்துக்கொள்வார்கள். சிலர் விளிம்புக்கும் கறுப்பு ஏற்றிய கட்டை வாங்குகிறார்கள். அதுவும் பூச்சுதான், புதிதில் சீட்டுகளை ஒன்றோடொன்று லேசாக ஒட்டவைத்துப் பிறகு தேயும். வீட்டில் ஆடுபவருக்குக் கவலை வேறு. கறுப்பு முகத்தில் ஸ்பேடும் கிளாவரும் கோட்டு வடிவமாகச் சுருங்கிவிடும். நான்கு இனத்தையும் ஒரே தங்க நிறத்தில் அடித்த கட்டென்றால் வயதானவர்கள் ஹார்ட்டையும் ஸ்பேடையும் குழப்பிக்கொள்வார்கள். முகம் வெள்ளையாகவும் முதுகு மட்டும் கறுப்பாகவும் உள்ள கட்டு இதற்குப் போதும்.

வாங்கியவுடன் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது, அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். கட்டை இறுக்கிப் பிடித்துப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்குக் காட்டுங்கள். 52 சீட்டுகளின் வெட்டுவாய் வரிசையாகத் தெரியும். கறுப்புகளுக்கு இடையே வெள்ளைக் கோடுகள் ஓடினால் அது பூசிய கறுப்பு. விளிம்பு முழுக்கக் கறுப்பாக இருந்தால், வேண்டாத ஜோக்கர் ஒன்றை எடுத்து அதன் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளை வந்தால் விளிம்புக்கும் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். சுரண்டிய இடமும் கறுப்பாகவே இருந்தால் நிறம் உடம்போடு வந்தது.