வெள்ளைக் கழிச்சலும் ஒரு பெட்டைக்கோழியின் நஷ்டமும்

களத்தில் அளக்கும் தானியத்துக்குக் கணக்கு வைக்கும் குடியானவர்கள், புறக்கடையில் மேயும் கோழிக்குக் கணக்கு வைப்பதில்லை. ஆயினும் உப்பு, புளி, பிள்ளைகளின் புத்தகம் ஆகிய சில்லறைச் செலவுகள் பல வீடுகளில் முட்டைக் காசிலேயே நடந்து வருகின்றன. அக்காசு நின்ற பின்னரே கோழியின் அருமை தெரிய வருகிறது. கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் நிகழ்ந்தது இதற்குத் தக்க உதாரணமாகும்.

அவ்வூர்க் குடியானவர் ஒருவரின் மனைவி நான்கு வருஷங்களாக ஒரு கருநிறப் பெட்டையை வளர்த்து வந்தார். அது தவறாமல் அடைகாத்து, பருந்துக்குக் கொடாமல் குஞ்சுகளைக் காப்பதில் பெயர் பெற்றது. மாசி மாதத்தில் அதனிடம் 9 குஞ்சுகள் இருந்தன. அச்சமயம் குடியானவர் சந்தையில் ஒரு சேவலை வாங்கி வந்து, அன்று மாலையே மற்றக் கோழிகளுடன் கூண்டில் அடைத்தார். நான்காம் நாள் சேவல் இரையெடாமல் உறங்கி விழுந்தது. வீணாகப் போக வேண்டாமென்று அதை அறுத்துச் சமைத்து, இறகையும் குடலையும் குப்பைமேட்டில் எறிந்தனர். கோழிகள் அக்குப்பையைத் தினந்தோறும் கிளறின.

ஆறு நாள் சென்றபின் பெட்டை இறகு சிலிர்த்து மூலையில் ஒதுங்கிற்று. மறுநாள் பச்சையும் வெண்மையும் கலந்த நீர்க் கழிச்சல் கண்டது. வாயைத் திறந்து மூச்சு வாங்கிற்று. வீட்டம்மாள் அதைத் தனியே கூடைக்குள் வைத்து, கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு ஆகியவற்றை அரைத்து உருட்டிக் கொடுத்தார். நொய்க் கஞ்சியை விரலால் தொட்டு அலகில் சொட்டுச் சொட்டாக விட்டார். இரவில் இரு முறை எழுந்து சாக்கை மாற்றினார். மூச்சுத் திணறும் கோழியின் வாயில் கஞ்சியை ஊற்றினால் அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும் என்பதை அறிந்து அவர் காட்டிய பொறுமை பாராட்டத்தக்கது.

மூன்றாம் நாள் கோழி வியாபாரி ஒருவர் வந்து பாதி விலைக்குக் கேட்டார். கணவருக்குச் சம்மதமே. ஆனால் வீட்டம்மாள், “வேண்டாம் அண்ணா, என் கூண்டுக்கு வந்த கேடு இன்னொருத்தி கூண்டுக்குப் போக வேண்டாம்” என்று மறுத்துவிட்டார். அன்று வந்த கால்நடை வைத்தியர், இது இராணிக்கேட் எனப்படும் வெள்ளைக் கழிச்சலென்றும், கண்டபின் இதற்கு மருந்தில்லையென்றும் கூறினார். நான்காம் நாள் கழுத்து முறுக்கிக் கால்கள் விழுந்தன. ஐந்தாம் நாள் விடியுமுன் பெட்டை அவர் மடியிலேயே இறந்தது. குஞ்சுகளில் 6-ம், பெரிய கோழிகளில் 4-ம் பின்தொடர்ந்தன.

இந்நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ். 1926-ஆம் ஆண்டில் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரிலும் இது கண்டறியப்பட்டது; சிறிது காலத்துக்குள் குமாவூன் மலையிலுள்ள இராணிக்கேட்டிலும் தோன்றியதால் நம் நாட்டில் அப்பெயர் நிலைத்தது. நோய்க் கோழியின் எச்சம், சளி, இறகு, குடல் ஆகியவற்றாலும், மனிதரின் காலடி, கூடை முதலியவற்றாலும் இது பரவும். பெரும்பாலும் ஐந்தாறு நாட்களிலும், சிலவற்றில் 15 நாட்களுக்குள்ளும் குறிகள் தோன்றும். ஆகையால் சந்தைக் கோழியை மூன்று வாரமாவது தனியே வைத்திருத்தல் அவசியம்.

தடுப்பு ஒன்றே வழி. முக்தேசர் ஆராய்ச்சி நிலையத்தில் 1940-களில் உருவான தடுப்பு மருந்து இன்றும் கையாளப்படுகிறது. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், சுமார் 8 வாரத்தில் இறக்கையடியில் ஊசியும் போட வேண்டும். மருந்தைப் பனிக்கட்டியில் வைத்தே கொண்டுவர வேண்டும். கரைத்த மருந்தைத் தாமதமின்றி உபயோகித்துவிட வேண்டும். உடலில் நோய் ஏறிய கோழிக்கு ஊசி பயன் தராது.

இறந்த கோழியை ஆற்றிலோ குப்பையிலோ எறியாமல், நாயும் காகமும் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பிட்டுப் புதைக்க வேண்டும். தொட்டவர் கையைச் சோப்பிட்டுக் கழுவுதல் நலம். இந்நோய் மனிதருக்குக் கண்வலி உண்டாக்குவதுண்டு. பறவைக் காய்ச்சலும் இதே குறிகளுடன் வரக்கூடுமாதலால், ஊரில் பல கோழிகள் ஒருங்கே மடிந்தால் உடனே கால்நடை மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். அதுவரை ஒருவரும் அவற்றை அறுக்கவோ விற்கவோ கூடாது.

அவ்வீட்டுக் கூண்டைச் சுரண்டிச் சுண்ணாம்படித்துச் சில வாரம் வெயிலில் காலியாக விட்டனர். ஆடியில் வாங்கிய குஞ்சுகளுக்கு முதல் வாரத்திலேயே சொட்டு மருந்து போடப்பட்டது. இரவில் கண் விழித்துச் செய்த சிகிச்சை பெட்டையைக் காக்கவில்லை. ஆயினும் அதை விற்க மறுத்த சொல், அந்நோய் அக்கோழியோடு அடுத்த ஊருக்குச் செல்லாமல் தடுத்தது. முன்கூட்டி ஒரு சொட்டு மருந்து போட்டிருப்பின் இரண்டுக்குமே அவசியம் நேர்ந்திராது.