பாட்டுக் கேட்டு ஆங்கிலம் பழகலாம்!

தம்பி, தங்கைகளே! 'ஒய் திஸ் கொலவெறி டி' பாட்டைக் கேட்டிருக்கிறீர்களா? நடிகர் தனுஷ் எழுதிப் பாட, அனிருத் இசையமைத்தார். 2011 நவம்பரில் வெளியாகி, தமிழ் தெரியாதவர்களையும் முணுமுணுக்க வைத்தது. அதில் பல ஆங்கிலச் சொற்களின் வாலில் ஓர் 'உ' ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஏன் அந்த 'உ'? தமிழ்ச் சொற்கள் க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய்களில் முடிவதில்லை. அதனால் நம் நாக்கு தானாகவே 'உ' சேர்த்துக்கொள்கிறது. 'புக்', 'புக்கு' ஆகிறது. இது தாய்மொழி தந்த பழக்கம். இதற்கு வெட்கப்பட்டு வகுப்பில் வாய்மூடி உட்கார வேண்டாம்!

ஆனால், ஆங்கிலத்தில் பல நேரம் கடைசி ஒலியில்தான் இலக்கணம் ஒளிந்திருக்கும். நம் திண்டுக்கல் பூட்டையே எடுத்துக்கொள்வோம். 'ஐ லாக்' என்றால் நான் பூட்டுகிறேன். 'ஹி லாக்ஸ்' என்றால் அவன் பூட்டுகிறான். 'ஐ லாக்ட்' என்றால் நான் பூட்டினேன். ஒரு சிறு ஒலி காலத்தையே மாற்றிவிட்டது, பார்த்தீர்களா?

இனி, பிடித்த ஆங்கிலப் பாட்டு ஒன்றில் நான்கு வரிகளைக் காதால் கேட்டு எழுதுங்கள். பிறகு, அச்சிட்ட வரிகளோடு ஒப்பிடுங்கள். எந்தச் சொல்லின் வாலை விட்டுவிட்டீர்கள் என்று தெரியும். புதுச் சொல்லுக்கு அகராதியைப் புரட்டுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். நாம் 'போக வேண்டும்' என்பதைப் 'போகணும்' என்பதுபோல, பாட்டில் 'வான்ட் டு' என்பது 'வானா' ஆகும். பாடும்போது அப்படியே பாடுங்கள். தேர்வில் முழுமையாக எழுதுங்கள்!