ஒரு கிரவுண்டில் ஆறு குடும்பங்கள்

சென்னையின் தென்பகுதியில், பரங்கிமலைக்கும் வேளச்சேரிக்கும் நடுவே இருக்கும் நங்கநல்லூரை நேயர்களில் பலர் அறிந்திருப்பார்கள். முப்பத்திரண்டு அடி உயரமுள்ள ஆஞ்சநேயர் எழுந்தருளியிருக்கும் ஸ்தலம் அது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் கையில் சேர்ந்த சொற்பத் தொகையைக் கொண்டு ஒரு கிரவுண்டு மனை வாங்கி, நடுவில் வீடும், கொல்லையில் கிணறும், மதிலோரம் இரண்டு தென்னையுமாகக் குடியேறிய பேட்டை என்றும் அதைச் சொல்லலாம். 2016-ல் மெட்ரோ ரயில் அதன் பக்கமாக ஓடத் தொடங்கியது. மனையின் மதிப்பைப் பற்றி அதற்குப் பிறகு கேட்கவேண்டுமா?

இன்று அங்கே தெருவுக்குத் தெரு பழைய வீடுகள் இடிபடுகின்றன. விமான நிலையம் அருகிலிருப்பதால் வானளாவிய கோபுரங்களுக்கு இடமில்லை. நாலைந்து மாடியுள்ள அடுக்குக் குடியிருப்புகளே எழும்புகின்றன. இது நடைபெறும் விதம் மிகவும் சாதாரணமானது. வீட்டுக்காரருக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் கடல் கடந்து போய்விட்டார்கள், மழைக்காலத்தில் கூரை ஒழுகுகிறது. கட்டிடக் காண்டிராக்டர் ஒருவர் வருகிறார். வீட்டுக்காரர் காலணா செலவிட வேண்டியதில்லை. இருக்கும் வீட்டை இடித்து ஆறு வீடு கட்டி, இரண்டை அவருக்குக் கொடுத்துவிட்டு, மற்ற நான்கையும் காண்டிராக்டர் விற்றுக்கொள்கிறார். ஒன்றில் குடியிருந்து மற்றொன்றை வாடகைக்கு விட்டால் முதுமைக் காலம் கவலையின்றிக் கழியும். வீட்டுக்காரர் செய்தது தவறென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அந்த நான்கு வீடுகளை வாங்குகிறவர்களும் நம்மைப் போன்ற குடும்பஸ்தர்கள்தாம்.

ஆயினும் பக்கத்து வீட்டாரின் முறையீட்டைத் தள்ளிவிடுவதற்கில்லை. வெளிச்சம் போயிற்று, காற்றுப் போயிற்று, மாடியிலிருந்து முற்றத்தைப் பார்க்கிறார்கள், தெரு முழுவதும் மோட்டார் வண்டி நிற்கிறது என்பன போன்ற குறைகளைச் சகித்துக்கொள்ளலாம். தண்ணீர் விஷயம் அப்படிப்பட்டதல்ல. இதில் சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்பது அவசியம்.

ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. மனையின் பரப்பைப்போல் ஒன்றரை மடங்கு கட்டலாம் என்று முன்பிருந்த வரம்பை, 2019-ல் வந்த கட்டிட விதிகள் இரண்டு மடங்காக உயர்த்தின. ஆகவே 4,800 சதுர அடி. எண்ணூறு சதுர அடி வீதம் ஆறு வீடுகள். நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் வேண்டுமென்பது நிபுணர்கள் கண்ட கணக்கு. நான்கு பேருள்ள குடும்பத்துக்கு 540 லிட்டர். ஆறு குடும்பங்களுக்கு 3,240 லிட்டர்.

இனி வரவைப் பார்ப்போம். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு கிரவுண்டில் விழும் மழையில் ஒரு துளிகூட வீணாகாமல் பூமிக்குள் இறங்கினாலும், நாள் ஒன்றுக்குச் சராசரி 855 லிட்டர்தான் கிடைக்கும். அதாவது, பழைய வீட்டில் இருந்த ஒரு குடும்பம் தன் மனையில் பெய்த மழைக்கு உட்பட்டே வாழ்ந்து வந்தது. புதிதாக வந்த ஆறு குடும்பங்களுக்கோ அதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேண்டியிருக்கிறது. மிச்சம் எங்கிருந்து வரும்? குழாயில் வராத நாளில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும்; அதாவது பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்து வரும். அதுவும் வற்றினால் லாரி வரும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர நேர்ந்ததைச் சென்னைவாசிகள் மறந்திருக்கமாட்டார்கள்.

மழைநீர் சேகரிப்பு 2003-ல் எல்லாக் கட்டிடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது வாஸ்தவம். புதிய கட்டிடங்களிலும் அதற்கான குழி இருக்கிறது. ஆனால் கட்டிடத்தைச் சுற்றி விதிப்படி விடப்படும் திறந்த இடத்தில் மண்ணைக் காண்பது அரிது. வண்டி நிறுத்துவதற்காக சிமெண்டுக் கல் பதித்துவிடுகிறார்கள். குழியை வருஷத்துக்கு ஒரு முறையாவது தூர் வாருகிறார்களா என்று கேட்டால், வாட்ச்மேனைக் கேளுங்கள் என்பார்கள்!

சாக்கடை விஷயம் இன்னும் விசித்திரமானது. நங்கநல்லூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்வதற்கு முன் ஆலந்தூர் நகராட்சியைச் சார்ந்திருந்தது. அந்நகராட்சி பாதாளச் சாக்கடை அமைக்க முற்பட்டபோது, ஜனங்களே வீட்டுக்கு 5,000 ரூபாய் வீதம் முன்பணம் கட்டினார்கள். சர்க்கார் செய்யட்டும் என்று கைகட்டி நில்லாமல், மண்ணை வெட்டுவதற்கு முன்பே பணத்தைக் கொடுத்த அந்தக் காரியத்தை நாட்டின் பிற நகரத்தார் வந்து பார்த்துப் போனார்கள். தனி வீடுகள் நிறைந்திருந்த காலத்தில் போட்ட அந்தக் குழாய்களில்தான் அடுக்கு வீடுகளின் கழிவும் இப்போது போய்ச் சேர்கிறது.

முறையிடுகிறவர்களில் சிலர், ஐந்தாறு வருஷத்துக்கு முன் எழும்பிய அடுக்கு வீட்டிலேயே குடியிருப்பவர்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மூன்றாம் வகுப்பு வண்டியில் முண்டியடித்து ஏறியவர், அடுத்த ஸ்டேஷனில் கதவைப் பிடித்துக்கொண்டு "இடமில்லை" என்று சொல்வது நாம் அறியாததல்ல. நகரத்தில் பிழைக்க வருகிறவர்களுக்கு வீடு வேண்டும். தாம்பரத்துக்கு அப்பால் ஏரிகளைத் தூர்த்து வீடு கட்டுவதைவிட, ரயிலும் பள்ளிக்கூடமும் கடைகண்ணியும் உள்ள இடத்தில் மாடிமேல் மாடி கட்டுவது மேல் என்பதே நம் அபிப்பிராயம்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. அனுமதி கொடுக்கும் அதிகாரிகள் ஒவ்வொரு மனையையும் தனித்தனியே பார்க்கிறார்கள். அளவு சரி, உயரம் சரி, பக்கத்தில் விட்ட இடம் சரி, கையெழுத்தாகிறது. இருபது மனை உள்ள தெருவில் பத்து மனைகள் இப்படி மாறினால் இருபது குடும்பம் எழுபதாகிவிடும். அந்த எழுபதையும் கூட்டிப் பார்த்து, இந்தத் தெருக் குழாய் தாங்குமா, நிலத்தடி நீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று கேட்பவர் எவரும் இல்லை. பத்தாவது கட்டிடத்தின் காகிதங்களும் முதலாவதன் காகிதங்களைப் போலவே ஒழுங்காக இருக்கின்றன.

ஆகவே, தெருவாரியாக இந்தக் கணக்கை வைத்து, புதிய அனுமதி கொடுக்கும் முன் அதை வார்டு அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டவேண்டும் என்று குடியிருப்போர் கேட்பது நியாயமானது. கூடுதல் மாடிகளால் வரும் கட்டணத்திலும் வரியிலும் ஒரு பங்கை அந்தத் தெருவின் குழாய்க்கே செலவிடும்படியும் கேட்கலாம். 5,000 ரூபாய் முன்பணம் கட்டிய ரசீதை இன்னும் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் முதியவர்கள் அந்தத் தெருக்களில் இல்லாமற் போகவில்லை. கணக்குக் கேட்கும் பாத்தியதை அவர்களுக்கு உண்டு.